காத்திருக்கும் குண்டு

எங்கள் ஊருக்குப் பெயர் வந்தது ஒற்றை முடியால். சாமிக்குச் சாத்த வேண்டிய மாலையை அர்ச்சகர் தன் ஆசைநாயகிக்குச் சூட்டிவிட்டாராம். நேரங்கெட்ட நேரத்தில் ராஜா வந்து நிற்கவும், அதே மாலையைக் கழற்றி வந்து பிரசாதமாகக் கையில் கொடுத்தாராம். பூவுக்கு நடுவே நீளமாக ஒரு முடி. இது ஏது என்று ராஜா கேட்க, சாமிக்குக் குடுமி உண்டு என்று அர்ச்சகர் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அவர் மானத்தைக் காப்பாற்றச் சிவலிங்கத்துக்கே குடுமி முளைத்தது என்று கதை. திருநலக்குன்றம் என்றிருந்த ஊர் சிகாநல்லூராகி, இன்றைக்குக் குடுமியான்மலை. அந்த ராஜாவின் கண் 640-க்கு 480 புள்ளியாக இருந்திருந்தால் முடி தெரிந்திருக்காது. நாங்களும் இன்றுவரை திருநலக்குன்றத்துக்காரர்களாகவே இருந்திருப்போம்.

640-க்கு 480 என்ற கணக்கை என் மண்டையில் ஏற்றியது ஒரு பின்பால் ஆட்டம்.

போன கோடை லீவுக்கு வந்திருந்த அக்கா மகன், திண்ணையில் உட்கார்ந்து மடிக்கணினியில் பின்பால் ஆடிக்கொண்டிருந்தான். வெள்ளிக் குண்டு ஒன்று பளபளவென்று மேலே ஏறுகிறது, வளைவில் சுற்றுகிறது, மணி அடிக்கிறது, விளக்கு எரிகிறது. குண்டின் வயிற்றில் மேஜை விளக்குகள் அத்தனையும் வளைந்து நெளிந்து பிரதிபலிக்கின்றன. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஆட்டத்தை நிறுத்தினான். படத்தைப் பெரிதாக்கினான். மேஜை மூலையில் இருந்த பொடி எழுத்தைச் சுட்டிக் காட்டினான்.

"பாருங்க மாமா, டெக்ஸ்சர் எவ்வளவு கேவலமா இருக்குன்னு. எழுத்தெல்லாம் பிசிறடிக்குது. இதுக்குக் காசு வேற குடுத்திருக்கேன்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். எட்ட நின்று பார்த்தேன். எனக்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான்.

"நாங்கெல்லாம் உன் வயசுல இருந்தப்ப..." என்று ஆரம்பித்தேன். அவன் இயர்போனை மாட்டிக்கொண்டான். ஆகவே மிச்சத்தை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2003-ல் நான் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த இடங்கள் இரண்டு. ஊரில் சிகாநாதர் கோயில்; இருபது கிலோமீட்டர் தள்ளிப் புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கோயிலில் செருப்பை மறந்துபோய் இரண்டு அடி உள்ளே வைத்தால்கூட மன்னிப்பு உண்டு. சென்டரில் கிடையாது. தூசி பட்டால் மிஷின் போய்விடும் என்று சென்டர் நடத்திய அண்ணாச்சி நம்பினார். மானிட்டருக்கு ஓர் உறை, கீபோர்டுக்கு ஓர் உறை, சிபியூவுக்கு ஓர் உறை. மூன்றையும் கழற்றி மடித்து வைப்பதற்குள் வாங்கிய நேரத்தில் இரண்டு நிமிஷம் போய்விடும். நெட் என்றால் மணிக்கு 20 ரூபாய். "சும்மா கேம்" என்றால் 10 ரூபாய்.

என்னைக் கூட்டிப்போனது பெரியப்பா மகன். அண்ணன் பி.காம். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, டேலி கற்றுக்கொள்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த காலம். எனக்கு வயது 13. சின்னப் பையனும் கூடப் போகிறான் என்றால் படிக்கத்தான் போகிறார்கள் என்று பெரியம்மா நம்பினாள். பஸ் காசுக்கு மேல் பத்து ரூபாய் கொடுத்து, "ரெண்டு பேரும் டீ குடிங்க" என்பாள். அந்த டீயைத்தான் நாங்கள் ஆடினோம்.

சுவிட்சைப் போட்டதும் அந்தப் புடைத்த கண்ணாடி மானிட்டர் 'டொங்' என்று ஒரு சத்தம் போட்டு உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். ஸ்டார்ட், ஆல் புரோகிராம்ஸ், கேம்ஸ், பின்பால் என்று அண்ணன் பிரகாரம் சுற்றுவது போலச் சுற்றிப் போய் நிற்பான். எஃப்4-ஐ அமுக்கினால் ஆட்டம் திரை முழுக்க விரியும். இடது தட்டிக்கு இசட், வலது தட்டிக்குச் சாய்கோடு, குண்டைக் கிளப்ப ஸ்பேஸ்பார். காசு ஒருவருக்கு, ஆள் இரண்டு. ஆகவே பாகம் பிரித்துக்கொண்டோம்: வலது தட்டி அண்ணனுக்கு, இடது தட்டி எனக்கு. குண்டு நடுவில் விழுந்தால் வரப்புத் தகராறுதான். "உன் பக்கம்தான்டா போச்சு." "இல்லண்ணே, உன் பக்கம்." அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "டேலியில இவ்வளவு சத்தம் வராதேப்பா" என்பார்.

அது விண்வெளி ஆட்டம். ஸ்பேஸ் கேடட் என்று பெயரே போட்டிருக்கும். எங்களுக்கு அது ஊர் மாதிரித்தான் தெரிந்தது. மேலே குண்டை எத்திவிடும் உருளைகள் காளான். நடுவில் வட்டமாக எரியும் விளக்குகள் தெப்பக்குளம். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நிறத்துக்கு ஒன்றாக இருந்த மூன்று ஓட்டைகள் எலிவளை. ஒன்றில் நுழைந்த குண்டு இன்னொன்றில் வருமே, அப்புறம் என்ன? விழுங்கிவிட்டு உறுமித் துப்பும் இடம் கிணறு. எதுவும் தெளிவாகத் தெரியவில்லை; ஆகவே எதற்கும் பெயர் வைக்கச் சுதந்திரம் இருந்தது.

வலதுபுறக் கட்டத்தில், குண்டைக் கிளப்புவதற்கு முன்னால் ஒரு வரி ஒளிரும்: 'அவெய்ட்டிங் டிப்ளாய்மென்ட்.' களமிறங்கக் காத்திருக்கிறது என்று அர்த்தம். சென்டரில் மூலையில் இருந்த மூன்றாம் நம்பர் மிஷினில் திரை ஏற்கெனவே மங்கல். முதல் எழுத்துகள் ஒன்றோடொன்று ஈஷிக்கொண்டிருக்கும். அண்ணன் படித்தது: 'அவெய்ட்டிங் எம்ப்ளாய்மென்ட்.'

"டே, இவனும் பதிஞ்சு வச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்கான்டா."

அன்றிலிருந்து குண்டு எங்களுக்கு வேலையில்லாப் பட்டதாரி. தள்ளுகம்பியின் மேல் அது உட்கார்ந்திருக்கும் தோரணையும் அப்படித்தான் இருந்தது. ஆட்டத்துக்கு மூன்று குண்டு. பதிவையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. கிளம்பிய வேகத்தில் குண்டு கீழே விழுந்துவிட்டால் சில சமயம் 'ரீ-டிப்ளாய் பால்' என்று இரக்கப்பட்டு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கும். அண்ணன் கண்ணுக்கு அது மறுநியமன உத்தரவு. ஆட்டத்தில் பதவி உயர்வு வேறு உண்டு. கேடட்டில் ஆரம்பித்து ஃப்ளீட் அட்மிரல் வரை 9 பதவிகள். நாங்கள் இரண்டாவது பதவிக்குப் போன அன்று அண்ணன் எழுந்து நின்று சொன்னான்: "குரூப் ஃபோர் பாஸ்டா!" அதற்கு மேல் நாங்கள் போனதாக ஞாபகம் இல்லை. பதவி உயர்வு வரும் நேரத்தில் ஒரு மணி நேரம் முடிந்துவிடும். அண்ணாச்சியே ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவார்.

நாங்கள் கண்டு மயங்கிய படத்தின் பூர்வீகம் எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. சினிமாட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கி, மேக்சிஸ் 1995-ல் வெளியிட்ட 'ஃபுல் டில்ட்! பின்பால்' என்ற தொகுப்பில் மூன்று மேஜைகள். அதில் ஒன்றை மட்டும் மைக்ரோசாஃப்ட் எடுத்துத் தன் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்தது. காசு கொடுத்து முழுத் தொகுப்பை வாங்கியவர்களுக்கு 1024-க்கு 768 வரை படம் கிடைத்தது. விண்டோஸோடு வந்ததற்கு 640-க்கு 480. மொத்தம் 3,07,200 புள்ளிகள், 256 நிறங்கள். கடை அரிசி ஒரு ரகம், ரேஷன் அரிசி ஒரு ரகம் என்பது கணினிக்கும் உண்டு போலிருக்கிறது. பசிக்கு இரண்டும் வேகும்.

ஆட்டத்தின் பெயரில்தான் 3டி. உள்ளே மேஜையை ஒரே கோணத்திலிருந்து முன்கூட்டியே தீட்டி, தட்டையான படமாக வைத்திருந்தார்கள். குண்டு மேலே ஏற ஏறச் சற்றே சிறிய குண்டின் படத்தை மாற்றி மாற்றி வைப்பார்கள். தூரம் என்று கண்ணே முடிவு செய்துகொள்ளும். புதுக்கோட்டைப் பக்கம் விடிய விடிய வள்ளி திருமண நாடகம் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. மணலில் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் மேடையில் தர்பார் மண்டபம், வரிசையாகத் தூண்கள், தூரத்தில் நந்தவனம். பவுடர் பூசிக்கொள்வதை வேடிக்கை பார்க்கலாம் என்று மேடைக்குப் பின்னால் போனால், துணியில் காவிக் கோடும் நீலத் தீற்றலும். தர்பார் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. நாரதர் அந்தத் தூணில் சாய்ந்ததும் இல்லை.

மானிட்டரும் உதவி செய்தது. பழைய குழாய் மானிட்டரில் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கசிந்து பக்கத்துப் புள்ளியோடு கலக்கும். படிக்கட்டாக இருக்க வேண்டிய ஓரம் வழுவழுப்பாகத் தெரியும். குறைந்த புள்ளிக்கும் மங்கிய கண்ணாடிக்கும் நல்ல ஜாதகப் பொருத்தம். இன்றைய தட்டைத் திரை அப்படிக் கசியாது. அதே படத்தை இழுத்து விரித்தால் கட்டம் கட்டமாக உண்மையைச் சொல்லிவிடும்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு கல்லூரியில் எனக்கும் ஒன்று வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா குங்குமம் வைத்தாள். நான் ஸ்டார்ட் பட்டனைத் தட்டி, அண்ணன் காட்டிக்கொடுத்த அதே பிரகாரத்தைச் சுற்றினேன். சீட்டுக்கட்டு இருந்தது. பின்பால் இல்லை. திரை பளிச்சென்று இருந்தது, நினைவகம் அண்ணாச்சியின் மிஷினைவிடப் பல மடங்கு. கருவறையில்தான் சாமி இல்லை.

ஏன் இல்லை என்பதை மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2012-ல் எழுதினார். விண்டோஸை 64 பிட்டுக்கு மாற்றியபோது குண்டு எதன்மீதும் முட்டவில்லையாம். தள்ளுகம்பியில் நிற்காமல், தட்டியில் படாமல், ஆவி போல எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து கீழே போய்விட்டதாம். வேறொரு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரல். விளக்கக் குறிப்புகளும் அநேகமாக இல்லை. எந்த வரியில் பிழை என்று பிடிபடாமல் ஆட்டத்தையே எடுத்துவிட்டார்கள். படத்தில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை என்பதை நான் அடிக்கோடிட விரும்புகிறேன். காளான் காளானாகவே இருந்தது, தெப்பக்குளம் தெப்பக்குளமாகவே இருந்தது. தொட்டால் தட்டுப்படவில்லை, அவ்வளவுதான்.

அதே சென் பற்றி வேறொரு கதையும் உண்டு. கணினிகளின் வேகம் கூடியபோது இந்த ஆட்டம் நொடிக்கு 5,000 தடவை படத்தை வரைந்து, மொத்த மிஷினையும் ஒற்றை ஆளாகத் தின்றுகொண்டிருந்ததாம். நொடிக்கு 100 போதும் என்று அவர் கடிவாளம் போட்டார். யார் கண்ணுக்கும் எட்டாத 4,900 படங்கள்! கூப்பிடாத கல்யாணத்துக்குச் சமையல் செய்த கதை.

மடிக்கணினியோடு அண்ணனின் கடைக்குப் போனேன். அதற்குள் அவன் எங்கள் ஊர் அண்ணா பண்ணைக்குப் போகிற வழியில் விதையும் உரமும் விற்க ஆரம்பித்திருந்தான். "பின்பால் இல்லண்ணே. எடுத்துட்டாங்க" என்றேன். பொட்டாஷ் மூட்டையை எடை போட்டுக்கொண்டே அண்ணன் சொன்னான்: "வேலை கெடச்சுப் போயிருப்பான்டா."

இனி அக்கா மகனின் திண்ணைக்கு வருவோம். இயர்போனைக் கழற்றிய ஒரு நல்ல நேரத்தில் அவனிடமே கேட்டேன்: "மாப்ள, டெக்ஸ்சர்னா என்னடா?" பொறுமையாகத்தான் சொன்னான். இன்றைய ஆட்டத்தில் மேஜையைக் கணினி முதலில் வெறும் எலும்புக்கூடாகக் கட்டுகிறது. அதன்மேல் சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டுவது போலப் படங்களை ஒட்டுகிறது. ஒட்டுகிற போஸ்டர்தான் டெக்ஸ்சர். திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒட்டிய போஸ்டரில் எத்தனை புள்ளியோ அத்தனைதான் தெரியும். 4கே டிவியில் பழைய கல்யாண கேசட்டைப் போட்டால் மாப்பிள்ளைக்கு மீசை முளைக்காது.

பிறகு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவின் வில்லியம்ஸ் கம்பெனி மேஜைகளின் ஆட்டப்பலகை வழக்கமாக 42 அங்குல நீளம், 20¼ அங்குல அகலம். அந்த 42 அங்குலத்தை 2,048 புள்ளிகளில் அடக்கினால் அங்குலத்துக்கு 49 புள்ளிகூட வராது. 4,096 என்றால் 97 சொச்சம். பத்திரிகையில் ஒரு படத்தை ஒழுங்காக அச்சிட அங்குலத்துக்கு 300 கேட்பார்கள். அந்தத் தரத்தில் முழுப் பலகையும் வேண்டுமென்றால் நீளத்துக்கு மட்டும் 12,600 புள்ளிகள் தேவை. 4,096-க்கு 4,096 போஸ்டர் ஒன்றைச் சுருக்காமல் வைத்தாலே 64 எம்பி இடம் பிடிக்கும். அண்ணாச்சி பெருமையாகச் சொல்லிக்கொண்ட மூன்றாம் நம்பர் மிஷினின் மொத்த நினைவகம் 128 எம்பி. இரண்டு போஸ்டர் ஒட்டினால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

ஆகவே சுருக்குவார்கள். நாலில் ஒரு பங்காகச் சுருக்கினால் எழுத்தின் ஓரங்கள் முதலில் அடிவாங்கும். அவன் காட்டிய பிசிறு அங்கே பிறந்தது. மேஜையோ நம் பார்வைக்குச் சாய்வாகக் கிடக்கிறது. கிட்டே உள்ள முனைக்குப் பெரிய படம் வேண்டும், தூரத்து முனைக்குச் சின்னது போதும். அதற்காக ஒவ்வொரு போஸ்டருக்கும் பாதி, பாதியில் பாதி என்று வரிசையாகக் குட்டிப் படிகள் செய்து வைத்திருப்பார்கள். அத்தனை குட்டிகளும் சேர்ந்தாலும் தாயைப்போல மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல் இடம். எந்தத் தூரத்துக்கு எந்தக் குட்டி என்பதில் கணினி கொஞ்சம் பிசகினால் மேஜையின் மேல்பாதி பனிமூட்டமாகிவிடும். நாடகக் கொட்டகையில் முன்வரிசைக்கு ஒரு சீன், கடைசி வரிசைக்கு ஒரு சீன் என்று தனித்தனியாகத் தொங்கவிட்ட மாதிரி.

அவன் ஆடும் மேஜைகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஃபார்சைட் ஸ்டுடியோஸ் என்ற நிறுவனம் 2012-ல் 'பின்பால் ஆர்கேட்' என்ற பெயரில் அசல் மேஜைகளை ஒவ்வொன்றாகக் கணினிக்குள் கொண்டுவந்தது. 2018 ஜூன் 30-ஓடு வில்லியம்ஸ் மேஜைகளின் உரிமம் முடிந்து, அவை விற்பனையிலிருந்து போயின. அதே ஆண்டு உரிமம் ஜென் ஸ்டுடியோஸ் கைக்கு மாறியது. அவர்கள் அசல் தோற்றம் ஒன்றும் மெருகேற்றிய தோற்றம் ஒன்றும் வைத்து, வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா மகன் மெருகேற்றிய தோற்றத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அசல் மாதிரி இல்ல மாமா."

"அசலை எங்கடா பாத்த?"

யோசித்தான். "யூட்யூப்ல."

நானும் பார்த்ததில்லை. எங்கள் வம்சத்தில் யாரும் ஓர் அசல் பின்பால் மேஜையில் கை வைத்ததில்லை. எனக்குத் தெரிந்த அசல், திருவிழாக் கடையில் இருந்த ஆணிப்பலகை. சாய்த்து வைத்த பலகையில் வரிசை வரிசையாக ஆணி. கோலிக்குண்டைச் சுண்டிவிட்டால் ஆணிகளில் மோதி மோதி இறங்கி ஏதோ ஒரு குழியில் விழும். விழுந்த குழிக்கு ஏற்றபடி சோப்போ சீப்போ. பின்பாலின் பாட்டனும் அப்படி ஓர் ஆணிப்பலகைதான். மான்டேக் ரெட்கிரேவ் 1871-ல் சுருள்வில் தள்ளுகம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். காட்லீப் கம்பெனியின் 'ஹம்ப்டி டம்ப்டி' 1947-ல் தட்டிகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு குண்டைச் சுண்டிவிட்டால் மீதியை விதி பார்த்துக்கொள்ளும். திருவிழாப் பலகையில் 1947 கடைசிவரை வரவில்லை.

ஒரு விஷயம் கவனித்தேன். குண்டு ஓடும்போது அவன் கண் குண்டை விட்டு அகலுவதில்லை. இடப்பக்கம் வரைந்திருந்த டிராகனோ வலப்பக்கத்து விளக்கோ அவனுக்கு இல்லை. குண்டு தொலைந்த பிறகோ, தட்டியில் ஏந்தி நிறுத்தி ஆட்டத்தை உறையவைத்த பிறகோதான் போஸ்டர்களைப் பார்க்கிறான். அன்று அவன் ஆடிய நேரத்தைவிடப் பெரிதாக்கிப் பார்த்த நேரம் அதிகம். நாங்கள் பத்து ரூபாய்க்கு ஆட்டம் வாங்கினோம். அவன் சில நூறு கொடுத்துப் பரிசோதனை வேலை வாங்கியிருக்கிறான்.

மறுநாள் சாயங்காலம் அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அக்காவின் உத்தரவு. மண்டபத்துத் தூண்களில் இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், பத்துத் தலை இராவணன், அன்னத்தின் மேல் ரதி, பிள்ளையோடு குறத்தி என்று வரிசையாக நிற்கிறார்கள். பையன் கைப்பேசியை எடுத்துக் குறத்தியின் கழுத்துமணியைப் பிடித்தான். திரையில் விரலால் விரித்தான். மணி தெரிந்தது. மேலும் விரித்தான். மணி கட்டங்களாக உடைந்தது. நிமிர்ந்து தூணைப் பார்த்தான். ஓரடி முன்னால் நகர்ந்தான். மணிக்குள் துளை தெரிந்தது. முகத்தைத் தூணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். துளையின் ஓரத்தில் உளி நின்று திரும்பிய தடம்.

"கிட்டப் போனா உடையவே மாட்டேங்குது" என்றான், புகார் சொல்வது போல.

மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி. ஏழாம் நூற்றாண்டு, பல்லவ கிரந்த எழுத்து. உருத்திராசாரியார் என்பவரின் சீடரான ஓர் அரசன் வெட்டுவித்தது. மகேந்திரவர்மன் என்று வழிவழியாகச் சொல்வார்கள், ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஏழு பகுதிகளில், நான்கு நான்கு ஸ்வரங்களாகக் கட்டி அடுக்கியிருக்கிறார்கள். ஒரே ஸ்வரத்தை ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். சில எழுத்துகளின் தலையில் புள்ளி வேறு. அந்தப் புள்ளிக்கு என்ன பொருள் என்பதில் இன்றும் ஒருமித்த முடிவில்லை.

சின்ன வயதில் இதே பாறையைத் தாண்டித்தான் விளையாடப் போவோம். எங்களுக்கு அது பழைய ஆள் யாரோ எழுதிவைத்த கடன் கணக்கு. கல்வெட்டைப் படியெடுப்பவர்கள் ஈரத்தாளைப் பாறையில் ஒட்டித் தூரிகையால் தட்டி, காய்ந்ததும் மையை ஒற்றி எடுப்பார்கள். மேடு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். சிக்கல் என்னவென்றால், சிற்பி குத்திய புள்ளியும் வெள்ளை, பாறையில் பிறவியிலேயே இருந்த பொக்கையும் வெள்ளை. எபிகிராஃபியா இண்டிகாவின் 12-ஆம் தொகுதியில் இந்தக் கல்வெட்டைப் பதிப்பித்த பண்டார்கர் காலத்திலிருந்து அந்தப் புள்ளிகளோடு மல்லுக்கட்டு நடக்கிறது.

பையனிடம் சொன்னேன். உடனே படம் எடுத்தான், விரித்தான், உடைந்தது. பிறகு என்ன தோன்றியதோ, கைப்பேசியின் விளக்கைப் போட்டுப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தான். நேர்வெளிச்சத்தில் வெறும் பாறையாகக் கிடந்த இடத்தில் எழுத்துகள் நிழலோடு எழுந்து நின்றன. ஒரு 'ரி'யின் தலையில் புள்ளி தெரிந்தது. கையை இரண்டு அங்குலம் உயர்த்தினான், காணாமல் போயிற்று. இறக்கினான், வந்தது.

"நார்மல் மேப் மாதிரியே இருக்கு மாமா" என்றான். தட்டையான போஸ்டருக்கு மேடு பள்ளம் இருப்பது போல வெளிச்சத்தை ஏமாற்றும் வித்தைக்கு அப்படிப் பெயராம். ஏமாற்றே இல்லாத இடத்தில் அவனுக்கு ஏமாற்று ஞாபகம் வந்தது பற்றி ஒரு சொற்பொழிவு என் தொண்டைவரை வந்தது. அவன் பாறையை விட்டுக் கண்ணை எடுக்காமல் விளக்கை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தான். விழுங்கிவிட்டேன்.

"இது புள்ளியா, குழியா?" என்று கேட்டான்.

"அதைத்தான் நூறு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்காங்க."

"அப்ப இதை வாசிக்கவே முடியாதா?"

"ஸ்வரத்தைப் படிக்கலாம். என்ன தாளம், எந்த ஸ்வரத்துல எவ்வளவு நேரம் நிக்கணும்னு கல்லுல இல்லை."

"படம் இருக்கு, ஆட்டம் இல்லை" என்றான். அவன் அதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. உரிமம் முடிந்த ஜூன் 30-ஐச் சொன்னான்.

திரும்பும் வழியில் அண்ணனின் கடை. 45 வயதாகிறது அவனுக்கு. முன்மண்டை பளபளக்கிறது, குடுமி வைக்க இனிச் சாமியாகப் பார்த்து முளைக்க வைத்தால்தான் உண்டு. மூக்குக் கண்ணாடி கல்லாப்பெட்டியின் மேல் கிடந்தது. நான் சென்டர் கதையை எடுக்கவும் பையன் கேட்டான்: "அந்தப் பழைய ஆட்டமா? இருக்கே." பழைய நிரலை யாரோ பிரித்துப் படித்து, மறுபடியும் எழுதி, 2021-ல் எல்லாருக்கும் திறந்து வைத்துவிட்டார்களாம். 'ஃபுல் டில்ட்' தொகுப்பின் 1024-க்கு 768 படங்களையே அதில் போட்டு ஆடலாமாம். ரேஷன் அட்டைக்காரர்களுக்குக் கடை அரிசி வந்து சேர 26 வருஷம்.

மடிக்கணினியை விதைப் பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்துத் திறந்தான். காளான் வந்தது. தெப்பக்குளம் வந்தது. எலிவளைகள் மூன்றும் வந்தன. எல்லாம் கழுவிவிட்ட தெரு மாதிரிச் சுத்தமாக இருந்தன. அது விண்வெளிதான் என்பது முதல் தடவையாக எனக்குத் துலக்கமாகத் தெரிந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. வலப்பக்கக் கட்டத்தில் எழுத்து ஒளிர்ந்தது, பிசிறில்லாமல்.

அண்ணன் கண்ணாடியை எடுக்கவில்லை. தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணை இடுக்கி, திரையைக் கைநீளத்துக்குத் தள்ளி வைத்துப் படித்தான்.

"அவெய்ட்டிங் எம்ப்ளாய்மென்ட்."

"டிப்ளாய்மென்ட், பெரிய மாமா" என்றான் பையன். "இவ்வளவு ஷார்ப்பா இருக்கே, தெரியலையா?"

"தெரியுதுடா. பாவம், இன்னும் காத்துக்கிட்டேதான் இருக்கான்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன், உரத்தூள் ஒட்டியிருந்த விரலை வேட்டியில் துடைத்துச் சாய்கோட்டின் மேல் வைத்தான். என் பக்கம் திரும்பினான்.

"உன் பக்கத்த ஒழுங்காப் பாத்துக்க."